வேண்டிய ஆள்

கச்சான் காற்று எழும்பிவிட்டால் வரிப்பத்தான்சேனை வயல் வட்டையில் நல்ல மனிதர்களுக்கும் வாய் கெட்டுப்போகும். மேற்கே காட்டுப்பக்கமிருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்டதுபோல வெக்கை வந்து முகத்தில் அறையும். கொஞ்ச நேரம் வரம்பில் நின்றாலே உதடு வெடித்துவிடும். சிறுபோக நெல் அப்போதுதான் குடலைப் பருவத்தில் தண்ணீருக்கு ஏங்கிக்கொண்டு நிற்கும். வாய்க்காலில் வருகிற தண்ணீரில் பாதியைத் தலைமாட்டு வயல்கள் குடிக்கும், மீதியில் பாதியைக் காற்றுக் குடிக்கும். கடைசி வயல்காரன் மண்வெட்டியோடு சண்டைக்கு வருவான்.

அந்த நாட்களில் எல்லோரிடமும் ஏச்சு வாங்குகிறவர் வட்டவிதானை முத்தலிப். யாருக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று தீர்ப்பது அவர் வேலை. ஏசுகிறவர்களே அடுத்த போகத்து ஆரம்பக் கூட்டத்தில் கையை உயர்த்தித் திரும்பவும் அவரைத்தான் தெரிவுசெய்வார்கள். தன்னுடைய வயலுக்குக் கடைசியாகத் தண்ணீர் விடுகிற மனிதரை எங்கே தேடிப் பிடிப்பது?

அன்றைக்கும் கடைசி வயல்காரன் மசூர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டு நின்றான். முத்தலிப் குனிந்து மடையை அடைத்திருந்த மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார். மடியில் போன் அடித்தது. மச்சினன் நஜீம்.

"மச்சான், எங்க நிக்கீங்க?"

"வட்டைக்க."

"பக்கத்துல ஆரும் நிக்காங்களா?"

"மசூர் நிக்கான்."

"கொஞ்சம் அங்கால போங்க."

முத்தலிப் மண்வெட்டியை ஊன்றிவிட்டு மருத மரத்துப் பக்கம் நடந்தார்.

"நிப்றாஸ பொலிஸ் புடிச்சிட்டு மச்சான்."

"வண்டி ஆரையும் அடிச்சிட்டா?" மகன் நிப்றாஸ் ஒலுவில் துறைமுகத்தில் மீன் வாங்கி, கூலர் வண்டியில் உள்ளூர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். அவருக்கு முதலில் வந்த பயம் அதுதான்.

"வண்டி இல்ல. ஐஸ் வைக்கிற ரூமுக்க ஒரு தம்பிலுவில் பொடியனோட இருந்திரிக்கான். கதவ உடைச்சிப் புடிச்சிக் குடுத்திரிக்கானுகள்."

"களவா?"

மறுபக்கத்தில் நஜீம் மூச்சு விடுவது கேட்டது. "களவெண்டா நான் இப்பிடிக் கதைப்பனா மச்சான்?"

முத்தலிப்புக்குப் புரிய நேரமெடுத்தது. புரிந்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். நஜீம் எப்போதோ வைத்துவிட்டிருந்தான். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து மடையை வெட்டினார். தண்ணீர் மசூரின் வயலுக்குத் திரும்பியது.

"என்ன காக்கா, முகம் ஒரு மாதிரி?" என்றான் மசூர், இப்போது குரலை இறக்கி.

"வீட்டுல ஒரு அலுவல்."

வீட்டுக்குள் மனைவி சரீபா குசினி வாசலில் முருங்கைக் கீரையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். உருவிய இலையும் காம்பும் கலந்து கிடந்தன. செய்தி அவளுக்கு முதலே வந்துவிட்டது. வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டு அஸீஸா யாருக்கோ போனில் மெதுவாகச் சொல்வதுகூடக் கேட்டது.

"அடிச்சாங்களாமா?" என்று கேட்டாள் சரீபா.

"தெரியா."

"போய்ப் பாருங்களன். என்னத்துக்கு இஞ்ச வந்த நீங்க?"

முத்தலிப் சேற்றுக் காலோடு அவளுக்கு முன்னால் குந்தினார். "ஒனக்கு இது தெரியுமா புள்ள?"

அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மூணு கலியாணப் பேச்சு வந்திச்சி. மூணையும் வேணாண்டான். கடைசிப் பேச்சு வந்த நேரம், 'உம்மா, ஒரு புள்ளட வாழ்க்கைய நான் நாசமாக்கவா?' எண்டு கேட்டான். ஏன் இப்பிடிக் கேக்கான் எண்டு நான் அவன்கிட்டக் கேக்கல்ல. கேட்டா சொல்லிருவானோ எண்டு பயம்."

பொலிஸ் நிலையத்தில் நிப்றாஸ் வாங்குப் பலகையில் இருந்தான். சேர்ட்டின் தோள் கிழிந்திருந்தது. பக்கத்தில் தரையில் மெலிந்த ஒரு பொடியன், வெயில் கறுத்த முகம், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். ஆழ்கடல் போட்டில் எஞ்சின் பார்க்கிறவன், பெயர் நிரோசன் என்று நஜீம் காதுக்குள் சொன்னான். மகனோடு கதைக்க விடவில்லை. அடுத்த நாள் நீதிமன்றத்தில் இருவரையும் விளக்கமறியலில் வைக்கச் சொல்லி, மட்டக்களப்புச் சிறைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஊர் யாரும் வாசலில் வந்து ஏசவில்லை. பள்ளியில் தொழுகை முடிந்து திரும்பும்போது முத்தலிப்புக்குப் பக்கத்தில் நடந்து வருகிறவர்கள் மட்டும் குறைந்தார்கள். தேநீர்க்கடையில் அவர் வந்ததும் கதை நெல் விலைக்கு மாறியது.

கல்முனையில் சட்டத்தரணி ஸுஹைறாவின் காரியாலயம் ஒரு புடவைக்கடைக்கு மேலே இருந்தது. சரீபாவுக்குத் தூரத்துச் சொந்தம். அதனால் அவள் முத்தலிப்பை மாமா என்றுதான் கூப்பிடுவாள். மின்விசிறி சூட்டைத்தான் சுழற்றிக்கொண்டிருந்தது. அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"மாமா, இது வெள்ளைக்காரன் எழுதி வெச்ச சட்டம். அவன் தன்ட நாட்டுல எப்பவோ எடுத்துப் போட்டுட்டான். நாமதான் இன்னும் கட்டிப் புடிச்சிக்கிட்டு இரிக்கம். பாராளுமன்றத்துல மாத்திறதுக்கெண்டு ஒண்டு கொண்டு வந்தாங்க, அது முடிவு காணாமக் கிடக்கு. அதுவரைக்கும் இந்தப் பொடியனுகள் கூண்டுல நிக்கத்தான் வேணும்."

"அவனுகள் என்ன செஞ்சானுகளாம்?" முத்தலிப் தரையைப் பார்த்துக் கேட்டார்.

"ஒத்தரையும் அடிக்கல்ல. ஒத்தர்ட பொருளையும் எடுக்கல்ல. ரெண்டு பேரும் வயசு வந்தவங்க, ரெண்டு பேர்ட விருப்பம். பூட்டின கதவுக்குள்ள இருந்தாங்க. அவ்வளவுதான் மாமா." கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னொண்டு. உடம்பப் பரிசோதிக்கணும் எண்டு கேப்பாங்க. அது மனிசன மனிசனா நடத்திற பரிசோதன இல்ல. நான் எழும்பி வேணாமெண்டு சொல்லுவன்."

நஜீமும் கூட வந்திருந்தான். பள்ளி நிர்வாகத்தில் இருக்கிறவன். சிறுவயதில் நிப்றாஸைத் தோளில் தூக்கித் திரிந்தவனும் அவன்தான். அவன் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

"மகள், ஒரு வழி இரிக்கி" என்றான். "அந்தத் தமிழ்ப் பொடியன்தான் பலவந்தப்படுத்தினான் எண்டு நம்மட புள்ள ஒரு வாக்குமூலம் குடுத்தா?"

ஸுஹைறா பேனையை மேசையில் வைத்தாள். "அப்பிடிக் குடுத்தா நம்மட ஆள் வெளியில வருவான். மத்தவன் கனகாலம் உள்ளுக்க கிடப்பான். உண்மை அதுவா மாமா?"

"உண்மை ஆருக்குத் தெரியும்? நம்மட குடும்பம் தப்பினாக் காணும். கெடுத்தவன் அவனெண்டா ஊரும் மன்னிச்சிரும்."

"ஊர் மன்னிக்கும். பிறகு நாலு பொடியனுகள் மோட்டார்சைக்கிள்ல ஏறித் தம்பிலுவில்லுக்குப் போவானுகள். அங்கயிருந்து நாலு பேர் இஞ்ச வருவானுகள். அது எங்க போய் முடியுமெண்டு எனக்குச் சொல்லணுமா?"

"நீ முஸ்லிம் புள்ளதானே?" நஜீமின் குரல் ஏறியது.

"ஓம். அதனாலதான் பொய்ச்சாட்சி எழுத மாட்டன்."

படியிறங்கும்போது நஜீம் முத்தலிப்பின் கையைப் பிடித்தான். "வேற லோயர் இரிக்காங்க மச்சான். நீங்க போய்ப் புள்ளகிட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பான். நான் அவனக் காப்பாத்தத்தான் கேக்கன், அல்லாஹ்வுக்குத் தெரியும்." சொல்லிவிட்டு வீதியிலேயே அழுதான். முத்தலிப்புக்கு மச்சினன் மேல் கோபம் வரவில்லை. அவருடைய நெஞ்சுக்குள்ளும் அதே வழிதான் ஓடிக்கொண்டிருந்தது.

மட்டக்களப்புக்குப் போகும் நாளில் சரீபா விடியக்காலையிலேயே அடுப்பை மூட்டினாள். சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த சூடை மீன், கொஞ்சம் மாங்காய்ச் சம்பல். வாழை இலையை வாட்டிப் பொதி கட்டினாள். ஒன்றல்ல, இரண்டு. முத்தலிப் இரண்டாவது பொதியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் பையில் வைத்தாள்.

சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிப்றாஸ் வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. அக்கம்பக்கத்தில் மற்றக் குடும்பங்கள் சத்தம்போட்டுக் கதைத்துக்கொண்டிருந்ததால் இருவரும் வலையில் நெற்றி படும் அளவுக்குக் கிட்ட வர வேண்டியிருந்தது.

"உம்மா?"

"இரிக்கா. சோறு தந்துவிட்டா."

"வயலுக்குத் தண்ணி பத்துதா வாப்பா?"

"பத்தும்." முத்தலிப் வலையைப் பிடித்தார். வழி நெடுக பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னார். "மகன், மாமா ஒண்டு சொல்றார். அவன்தான் பலவந்தமா எண்டு நீ சொல்லேலாதா?"

நிப்றாஸ் வாப்பாவின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்லலாம். நான் வீட்ட வந்திருவன். அவன் இஞ்ச கிடப்பான். பிறகு நான் அந்த வீட்டுல இருந்து எப்பிடிச் சோறு தின்கிற? நீங்க எப்பிடி எனக்குப் பக்கத்துல இருந்து தின்பீங்க?"

முத்தலிப் வலையிலிருந்து கையை எடுத்தார்.

"அவன் என்னக் கெடுக்கல்ல வாப்பா. நானும் அவனக் கெடுக்கல்ல. எனக்கு விளங்கின காலத்திலருந்து நான் இப்பிடித்தான். தொழுது கேட்டன், நோன்பு புடிச்சிக் கேட்டன், மாத்தித் தா எண்டு. மாறல்ல."

"ஏன் எங்களுக்குச் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "தெரியா மகன்" என்றார்.

நிப்றாஸ் தலையை ஆட்டினான். அந்தப் பதில் அவனுக்குப் போதுமாயிருந்தது போலிருந்தது. "அவனப் பாக்க ஒத்தரும் வரல்ல வாப்பா" என்றான். "அவன்ட அப்பா சொல்லியனுப்பிட்டாராம், இனி வரவேணாமெண்டு. ரெண்டு நாளா ஒண்டும் தின்னல்ல."

"உம்மா ரெண்டு பொதி தந்தவ."

அதுவரை உறுதியாக நின்ற மகன் அப்போதுதான் உடைந்தான். வலையில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். முத்தலிப் கையை உள்ளே விடப் பார்த்தார். கம்பியின் துவாரத்துக்குள் இரண்டு விரல்தான் போனது. அந்த இரண்டு விரலால் மகனின் கன்னத்தைத் தொட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், கல்லாறு பாலத்துக்கு மேலே, அவர் யோசித்துப் பார்த்தார். மகனுடைய காரியம் பாவமா இல்லையா என்று நஜீம் கேட்டால் அவருக்கு இன்னும் சொல்லத் தெரியாது. அதைப் படைத்தவன் தீர்த்துக்கொள்ளட்டும். ஆனால் ஒரு தகப்பன் கேட்கக்கூடாத ஒன்றைத் தான் இன்றைக்குக் கேட்டுவிட்டோம் என்பதும், மகன் அதற்காகத் தன்மேல் கோபப்படக்கூட இல்லை என்பதும் தெரிந்தது. யாரையும் கெடுக்காத ஒருவனை எதற்காகக் கம்பிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி முதன்முதலாக அவருக்குள் வந்தது. வந்த கேள்வி பிறகு போகவில்லை.

தம்பிலுவில் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். காலை வெயில் மணலில் ஏறத் தொடங்கியிருந்தது. கயிற்றின் முன் ஆளாக நின்ற நிரோசனின் தகப்பன் கோணாமலை அறுபதைத் தாண்டிய மனிதர், முதுகில் உப்பு வெள்ளையாய்ப் படிந்திருந்தது. முத்தலிப் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனார்.

"அண்ணன், நான் வரிப்பத்தான்சேனை. நிப்றாஸ்ட வாப்பா."

கயிறு இழுத்தவர்களின் கண்கள் திரும்பின. கோணாமலை திரும்பவில்லை. "வலை வருகுது. இப்ப கதைக்க ஒண்ணா."

முத்தலிப் நின்றார். நிற்பதற்கு என்னவோ போலிருந்தது. கயிற்றில் ஓர் இடைவெளியைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். வயல்காரக் கை, மண்வெட்டிக்குப் பழகியது. ஈரக் கயிறு தோலை உரித்தது. யாரும் அவரைத் தடுக்கவில்லை. வலை மடி கரைக்கு வந்தபோது கொஞ்சம் கீரி மீனும் நெத்தலியும்தான் துள்ளின. ஆட்கள் கூடைகளோடு குனிந்தார்கள். கோணாமலை மணலில் குந்திச் சுருட்டைப் பற்றவைத்தார்.

"என்னத்துக்கு வந்த நீங்க காக்கா?"

"பொடியனுகளுக்குப் பிணை கேக்கப் போறம். உங்கட மகனுக்கு நிக்க ஆள் வேணும்."

"எனக்கு ஒரு மகன்தான். சதீஸ். அந்தா கூடை தூக்கிறான்."

"மற்றவன்?"

"அவன் கடலுக்குப் போய் வரல்ல எண்டு வெச்சிருக்கன்." சுருட்டுச் சாம்பலை மணலில் தட்டினார். "இந்தக் கரையில நான் எப்பிடி வாழ்ந்த மனிசன் தெரியுமா? இண்டைக்கு என்ட கயிறப் புடிக்க ஆள் வரமாட்டெங்கான். இவனுகளும் கூலிக்குத்தான் நிக்கானுகள். போங்க காக்கா. உங்கட மகன நீங்க எடுங்க."

"அவன் ரெண்டு நாளாத் தின்னல்லையாம் அண்ணன்."

கோணாமலை எழும்பி, தண்ணீரைப் பார்த்து நடந்துவிட்டார்.

பிரதான வீதிக்கு வந்து மோட்டார்சைக்கிளை உதைக்கும்போது பின்னாலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. "காக்கா, நில்லுங்க. நான் நிரோசன்ட அம்மா, வல்லியம்மை." கையிலிருந்த பையை நீட்டினாள். "ஒரு சாரமும் சேர்ட்டும். இதுக்குள்ள ஒரு பம்ப் இரிக்கி. தூசி பட்டா அவனுக்கு மூச்சு இழுக்கும். அதக் கட்டாயம் குடுத்திருங்க."

"நீங்க வந்து கையெழுத்து வைங்களன் அக்கா."

"வெச்சா நான் திரும்பி வீட்டுக்க போக ஏலா." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "உங்கட மகன் வீட்டுக்கு ஒரு தரம் வந்தவன். மழை நாள். நான் புட்டு அவிச்சிக் குடுத்தன். 'அம்மா, இன்னும் கொஞ்சம்' எண்டு கேட்டுத் திண்டான். நல்ல பொடியன். ரெண்டும் சிரிச்சிக்கிட்டு இருந்ததுகள். எனக்கு அண்டைக்கே ஏதோ விளங்கினதுதான்."

முத்தலிப் அங்கிருந்து நேரே கல்முனைக்குப் போனார். ஸுஹைறா நீதிமன்றத்துக்குப் புறப்பட்டு, கறுப்புக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"மகள், அந்தப் பொடியனுக்கு நான் நிண்டா?"

அவள் படியிலேயே நின்றுவிட்டாள். "நீங்க நிப்றாஸுக்கு நிக்கிறதெண்டுதானே இருந்திச்சி. ஒரே வழக்குல ஒருத்தர் ரெண்டு பேருக்கு நிக்கிறத இஞ்ச ஏத்துக்கொள்ள மாட்டாங்க மாமா. நீங்க அவனுக்கு நிண்டா உங்கட மகனுக்கு வேற ஆள் வேணும். நஜீம் மாமா வருவாரா?"

"வரமாட்டான்."

"யோசிங்க. ஊர் பாக்கும். சொந்த மகன விட்டுட்டு மத்தவனுக்கு நிண்டார் எண்டு சொல்லும்."

வீட்டில் முத்தலிப் அதைச் சொன்னபோது சரீபா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"இதுல யோசிக்க என்ன இரிக்கி? என்ட மகனுக்கு நான் நிக்கன்."

"நீ கோட்டு வாசல் மிதிச்சதில்லையே புள்ள."

"ஆஸ்பத்திரி வாசலயும் அவன் பிறக்கிறதுக்கு முதல் மிதிச்சதில்ல."

வழக்குத் தவணை நாளில் நீதிமன்ற மண்டபம் நிரம்பியிருந்தது. காணி வழக்கு, அடிபிடி வழக்கு என்று வந்தவர்களோடு, இந்த வழக்கைப் பார்க்கவென்றே வந்தவர்களும் சிலர் இருந்தார்கள். வரிப்பத்தான்சேனை முகங்களை முத்தலிப் கண்டுகொண்டார். கடைசி வாங்கில் நஜீம், யாரையும் பார்க்காமல் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தான். கூண்டில் நிப்றாஸும் நிரோசனும் ஒரு முழம் இடைவெளி விட்டு நின்றார்கள். நிரோசன் தாய் கொடுத்தனுப்பிய சேர்ட்டைப் போட்டிருந்தான்.

பொலிஸ் தரப்பு உடல் பரிசோதனைக்கு அனுமதி கேட்டது. ஸுஹைறா எழும்பினாள். அவள் சொன்ன சட்ட வார்த்தைகளில் பாதி முத்தலிப்புக்கு விளங்கவில்லை. ஆனால் ஒரு தடவையும் அவள் குரல் தாழவில்லை, வெட்கப்படுகிற காரியத்தைப் பேசுகிறவள்போல அவள் பேசவில்லை. நீதவான் குறிப்புகளைப் புரட்டிவிட்டு, இப்போதைக்குப் பரிசோதனை தேவையில்லை என்றார். இருவரையும் சரீரப் பிணையில் விடலாம், ஆளுக்கு ஒரு பிணையாளி, ஞாயிறுதோறும் பொலிஸில் ஒப்பமிட வேண்டும்.

முதலில் சரீபா போனாள். கறுப்பு அபாயா, கையில் அடையாள அட்டை. "சந்தேகநபருக்கு என்ன முறை?" என்று எழுதுவினைஞர் கேட்டார். "பெத்த உம்மா" என்றாள். மண்டபத்தின் கடைசி வரை கேட்டது. கையெழுத்து வைத்துவிட்டுத் தலைநிமிர்ந்து மகனைப் பார்த்தாள்.

பிறகு நிரோசனின் பெயரைக் கூப்பிட்டு, பிணையாளி யார் என்றார்கள். நிரோசன் கண்ணை மூடிக்கொண்டான். முத்தலிப் எழும்பினார். பின்னால் வாங்குகள் கிறீச்சிட்டன. யாரோ "இவருக்கென்ன விசரா?" என்றது தெளிவாகக் கேட்டது.

எழுதுவினைஞர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"நீங்க இவருக்கு என்ன முறை?"

இந்தக் கேள்வி வரும் என்று ஸுஹைறா சொல்லியிருந்தாள். 'தெரிந்தவர்' என்று சொன்னால் போதும் என்றும் சொல்லியிருந்தாள். முத்தலிப் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். அப்போது கூண்டில் நிரோசன் கண்ணைத் திறந்தான். அந்தக் கண்ணில் கேள்வியைவிடப் பயம்தான் இருந்தது, இந்த மனிதரும் இப்போது தன்னைத் தள்ளிவிடுவாரோ என்ற பயம்.

"என்ட மகனுக்கு வேண்டிய ஆள்" என்றார் முத்தலிப்.

"அது முறை இல்லையே ஐயா. உங்களுக்கு அவர் யாரெண்டு கேக்கன்."

"என்ட மகனுக்கு வேண்டிய ஆளெண்டா எனக்கும் வேண்டிய ஆள்தான்."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. பொலிஸ்காரர் ஒருவர் "அமைதி" என்றார். நீதவான் கண்ணாடியைக் கழற்றி முத்தலிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியே எழுதுங்கள்" என்றார்.

கையெழுத்து வைக்கும்போது கயிறு உரித்த இடம் எரிந்தது. அவர் நிதானமாகத் தன் முழுப் பெயரையும் எழுதினார்.

வெளியே வெயில் கொளுத்தியது. நஜீம் வாசல்வரை வந்து, சரீபாவின் தலையைத் தொட்டுவிட்டு, முத்தலிப்போடு ஒரு வார்த்தையும் பேசாமல் போனான். நிரோசன் வந்து முத்தலிப்பின் காலைத் தொடக் குனிந்தான். அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். "வேணாம் மகன். எங்கட ஆக்கள் காலத் தொடுறல்ல" என்றார். நிப்றாஸ் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டான். பிடிபட்ட நாளுக்குப் பிறகு அவர்களில் ஒருவர் சிரித்தது அதுதான் முதல்.

அதன் பிறகு எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொல்ல முடியாது. இப்படியான பிள்ளைகளுக்கு உதவுகிற சிலரை ஸுஹைறாவுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் மூலம் நிரோசனுக்கு மட்டக்களப்பில் ஒரு அறையும் போட் திருத்துகிற இடத்தில் வேலையும் கிடைத்தன. நிப்றாஸ் கொஞ்ச நாள் வீட்டில் இருந்தான். ஒலுவிலில் அவனுக்கு மீன் கொடுக்க ஆளில்லை. பிறகு அவனும் மட்டக்களப்புக்குப் போய்விட்டான். வழக்கு தவணை தவணையாக இழுபட்டது. ஞாயிறுகளில் இருவரும் வந்து பொலிஸில் ஒப்பமிட்டுப் போனார்கள். அன்றைக்கு சரீபா இரண்டு பொதி கட்டுவாள்.

பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் வட்டவிதானைத் தெரிவு வந்தது. முத்தலிப்பின் பெயரை யாரும் சொல்லவில்லை. அவர் தானாக எழும்பி, "மசூர வைங்க. கடைசி வயல்காரன், தண்ணிட அருமை தெரிஞ்சவன்" என்றார். கைகள் உயர்ந்தன. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மசூர் பின்னால் வந்தான். தேநீர்க்கடை வாசலில் நாலு பேர் பார்க்க அவரோடு கூடவே நடந்தான். வீட்டுப் படலைக்குக் கிட்ட வந்ததும், "பொடியன் சுகமா காக்கா?" என்று கேட்டான். "சுகம்" என்றார் முத்தலிப்.

மாரி தொடங்கிவிட்டது. விதைத்த வயலில் கொக்குகள் இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் முத்தலிப் வரம்பு கட்டிக்கொண்டு நின்றார். வாய்க்கால் ஓரமாக, சாரத்தை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு, ஒரு மனிதர் தடுமாறித் தடுமாறி வருவது தெரிந்தது. சேற்று வரம்பு பழகாத நடை. கிட்ட வந்த பிறகுதான் கோணாமலை என்று தெரிந்தது. பஸ் ஏறி, இறக்காமத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்து வந்திருந்தார். மழையில் நனைந்திருந்தார்.

"வாங்க அண்ணன்" என்றார் முத்தலிப்.

கோணாமலை வரம்பில் நின்று வயலைப் பார்த்தார். கடலைப் பார்க்கிற மாதிரியே தூரத்துக்குப் பார்த்தார்.

"கோட்டுல நீங்க சொன்னத எங்கட ஊரில கதைக்காங்க" என்றார். "நான் சொல்ல வேண்டிய சொல்லு. நீங்க சொல்லிட்டீங்க." முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தார். "பம்ப் வெச்சிருக்கானா அவன்?"

"வெச்சிருக்கான். இழுப்புக் குறைவாம்."

கோணாமலை தலையை ஆட்டினார். திரும்பிப் போகப்போகிறார் என்று முத்தலிப் நினைத்தார். போகவில்லை. நனைந்த துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அடுத்த தவணை எண்டைக்குக் காக்கா?"